கை போனால் கால் போகும்

விமானப்படையில் பைலட் வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் கால் நீளத்தை அளப்பார்கள் என்று நான் சொன்னபோது ஆரணியில் ஒருத்தரும் நம்பவில்லை. "பொண்ணு பாக்க வர்றவன்கூட காலை அளக்க மாட்டான்டா" என்று எதிர்வீட்டுக்காரர் சிரித்தார். நிஜமாகவே அளந்தார்கள். சுவரோடு ஒட்டி உட்காரவைத்து, இடுப்பிலிருந்து முட்டி வரைக்கும் ஒரு அளவு, முட்டியிலிருந்து குதிகால் வரைக்கும் ஒரு அளவு. வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லை எண்ணினார்கள். மாட்டுச் சந்தை தோற்றது, போங்கள். ஆனால் அந்தக் கால் இத்தனை வருஷம் எங்கே இருந்தது, எதற்குப் பழகியது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே என்னைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

எங்கள் வீட்டில் பட்டுத்தறி. குழித்தறி என்பார்கள். மேலே பலகையில் உட்கார்ந்து, கால் இரண்டையும் குழிக்குள் தொங்கவிட்டு, மிதிகட்டைகளை மாற்றி மாற்றி மிதிக்க வேண்டும். கயிற்றை இழுத்தால் ஊடுநூல் வைத்த நாடா இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் ஓடும். நூலை நெருக்கும் எதிர்ப்பலகையை இழுத்து ஒரு அடி அடித்ததும் கால் மாறும். கால் மாறு என்று மனசு சொல்ல வேண்டியதே இல்லை, கை சொல்லிவிடும். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். பன்னிரண்டு வயதில் நைனா என்னைக் குழியில் இறக்கினார். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் கொஞ்சம், வந்த பிறகு கொஞ்சம். வேலூரில் கல்லூரியில் படித்தபோதும் லீவு விட்டால் தறிதான். "கை போனா கால் தானா போவணும். ரோசன பண்ணி மிதிக்கிறவன் நெசவுக்காரனே இல்ல" என்பார். எனக்கு அது சீக்கிரம் வந்துவிட்டது. அவருக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. தெருவில் யார் வந்தாலும், "பையனுக்குக் காலு சுத்தமா வந்திருக்குது" என்று சொல்லாமல் அனுப்ப மாட்டார்.

எங்கள் தெருவில் எல்லோரும் வானத்தைப் பார்ப்பார்கள், ஆனால் மழைக்காகத்தான் பார்ப்பார்கள். விடிகாலையில் பாவுநூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டிருப்பார்கள். நாலு தூறல் விழுந்தாலும் போச்சு. அப்படிப் பாவுக்குக் காவல் நின்றபோதுதான் மேலே வெள்ளையாகக் கோடு இழுத்துக்கொண்டு போகும் விமானங்களைப் பார்த்தேன். மற்றவர்கள் மேகம் இல்லை என்று தலையைக் குனிந்துகொள்வார்கள். நான் குனியவில்லை. அதற்காகத் திட்டும் வாங்கியிருக்கிறேன். பி.எஸ்சி. முடித்த கையோடு, முடிவெட்டும் கடையில் கிடந்த பேப்பரில் விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பம் போட்டேன். எழுபதுகளின் கடைசி அது. எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான், ஓட்ட வேண்டும். விமானப்படையில் வேறு என்ன வேலை இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது.

தேர்வுக்கு மைசூருக்குக் கூப்பிட்டார்கள். ஐந்து நாள். கயிற்றில் தொங்கு, பலகையைத் தூக்கு, படத்தைப் பார்த்துக் கதை எழுது, கூடிப் பேசு. என் ஆங்கிலத்தைக் கேட்டு வடக்கத்திப் பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். எனக்குக் கோபம் சட்டென்று வரும். வந்த கோபத்தில் இன்னும் சத்தமாகப் பேசினேன். அதுவே நல்லதாகப் போயிற்று, தேறிவிட்டேன். கடைசியாக மெஷின் பரீட்சை. அதற்கு முன்னால் ஒரு அதிகாரி நின்று நிதானமாகச் சொன்னார்: இந்தப் பரீட்சையை ஒரு ஆள் ஆயுசில் ஒரே தடவைதான் எழுதலாம். இதில் போனால், பிறகு எத்தனை முறை விண்ணப்பம் போட்டாலும் பைலட் ஆக முடியாது.

ஒரு பெட்டி. அதற்குள் நாற்காலி. எதிரே கண்ணாடித் திரையில் ஓர் ஒளிப்புள்ளி. அதை நடுவில் இருக்கும் கட்டத்துக்குள் நிறுத்தி வைக்க வேண்டும், அது தப்பித் தப்பி ஓடும். கையில் இருக்கும் தடி மேலும் கீழும் நகர்த்தும். காலுக்கு இரண்டு பெடல், அவை இடமும் வலமும் நகர்த்தும். நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டியதுமே எனக்குச் சந்தோஷம். அட, நம்ம வீட்டுக் குழிதானே என்று நினைத்தேன். அந்த நினைப்பு எவ்வளவு பெரிய மடத்தனம் என்று அரை நிமிஷத்தில் தெரிந்துவிட்டது.

புள்ளி கீழே இறங்கியது. தடியை என் பக்கம் இழுத்தேன். இழுத்த அந்த நொடியில் என் வலது கால் அழுத்திவிட்டது. புள்ளி ஏறவும் செய்தது, பக்கவாட்டில் ஓடவும் செய்தது. சரி என்று அதைத் திருப்பினேன். மறுபடி தடியை இழுத்தேன், இப்போது இடது கால் போனது. ஒன்று மாற்றி ஒன்று. காலைப் பிடித்து வைக்கப் பார்த்தேன், காலை நினைத்தால் கை நின்றது. பத்து வருஷமாகச் சேர்ந்தே போன கையும் காலும் என் பேச்சைக் கேட்கவே இல்லை. வேர்த்து ஊற்றியது. முடிந்ததும் பக்கத்தில் நின்றிருந்தவர் என் காலைப் பார்த்து, வீட்டில் தையல் மெஷின் ஓட்டுவாயா என்று இந்தியில் கேட்டார். நெசவு என்றேன். அவருக்குப் புரியவில்லை.

மற்றதெல்லாம் நன்றாகச் செய்திருக்கிறாய், தரையில் இருக்கும் வேலைக்கு வருகிறாயா என்று கேட்டார்கள். டவரில் உட்கார்ந்து, ஏறு, இறங்கு, காத்திரு என்று பைலட்டுகளுக்குச் சொல்லும் வேலை. சரி என்றேன். வெளியே வந்து ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அழுதேன். அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம். யார் மேல் ஆத்திரப்படுவது என்று பார்த்தால், நைனாவின் முகம்தான் வந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்துவிட்டேன், செத்தாலும் இதை அவரிடம் சொல்லக் கூடாது. சொன்னால் அந்த மனுஷன் இனிமேல் தறியில் நிம்மதியாக உட்கார மாட்டார்.

வீட்டில் கேட்டார்கள். "கண்ணுல ஏதோ குறை இருக்குதாம். ஓட்டத் தர மாட்டாங்களாம்" என்றேன்.

வேலை கிடைத்ததே என்று அம்மா சாமிக்குக் கற்பூரம் கொளுத்தினாள். நைனாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "இன்னாடா சொல்ற? பத்தடி தள்ளி குந்திகினு இழை அறுந்ததைச் சொல்ற பையன் நீ. உனக்கா கண்ணு சரியில்ல?"

"அவங்க கணக்கு வேற நைனா."

அம்மா குறுக்கே வந்தாள். "வெளிச்சமே இல்லாத குழியில குந்த வெச்சு புள்ள கண்ண கெடுத்துட்டியே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எதற்குப் பயந்து பொய் சொன்னேனோ அங்கேயே வந்து நிற்கிறது. "தறியால இல்லம்மா. பொறவியிலேயே வந்ததாம்" என்று இன்னொரு பொய்யை எடுத்து முட்டுக்கொடுத்தேன். ஒரு பொய்க்கு ஒன்பது பொய் என்பது சும்மாவா?

பிறவிக் கோளாறு என்றதும் நைனா தெம்பாகிவிட்டார். அம்மாவின் அண்ணனுக்கு சோடாபுட்டிக் கண்ணாடி. போதாதா? "எங்க வீட்ல யாருக்கு கண்ணாடி கீது? எல்லாம் உங்க அண்ணன் கண்ணு" என்று ஆரம்பித்தார். அதன் பிறகு ஏழு வருஷம் அது ஓயவில்லை. தீபாவளிக்கு மாமா வந்தால், "வா மச்சான், பிளேன் ஓட்ட வேண்டிய பையனை தரையில குந்த வெச்சிட்டியே" என்பார். மாமா பாவம், கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அம்மா பதிலுக்கு எனக்குத்தான் வைத்தியம் செய்தாள். நான் லீவில் போகும் ஒவ்வொரு நாளும் இலையில் பொன்னாங்கண்ணிக் கீரை. பொரியல், கடைசல், துவட்டல், அடை. "தின்னுடா, பட்டப்பகல்ல நட்சத்திரம் தெரியும்" என்பாள். ஒரு ஆயுசுக்கு வேண்டியதை ஏழு வருஷத்தில் தின்றிருக்கிறேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் அம்மாவுக்கும் மாமாவுக்கும் விடுதலை, ஆனால் நைனா மாட்டிக்கொள்வார். மென்று முழுங்கினேன்.

தெருவில் என்னவோ என்னைப் பைலட் என்றே கூப்பிட்டார்கள். பிளேனில் சோறு போடுவார்களா, ஆரணி மேல் போகும்போது எங்கள் வீடு தெரியுமா, பைலட்டுக்குப் பெண் கொடுக்கலாமா, கொடுத்தால் அவன் வீடு தங்குவானா என்று எல்லாக் கேள்வியும் என்னிடம்தான் வரும். நான் ஓட்டவில்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் விட்டுவிட்டேன்.

அந்த வேலையை நான் நேசித்தேன் என்பது இன்றைக்கு எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. பயிற்சித் தளம் அது. காலையில் டவரின் படியேறும்போதே விமான எரிபொருளின் மண்ணெண்ணெய் வாசம் காற்றில் வரும். வானிலைக்காரர் மேகத்தைச் சொல்வார், பருந்து எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று நாங்கள் சொல்வோம். பிறகு விமானங்கள் ஒவ்வொன்றாக மேலே போகும். முதல் தடவை தனியாக ஏறும் பையனின் குரல் ரேடியோவில் நடுங்கும். நான் வேண்டுமென்றே குரலை மெதுவாக்கிப் பேசுவேன். அவன் இறங்கி வந்ததும் தோழர்கள் வாளித் தண்ணீரைத் தலையில் கொட்டிக் கூத்தடிப்பார்கள். மேலே இருந்து பார்த்துக்கொண்டு சிரிப்பேன். பொறாமையும் படுவேன், அதை ஏன் மறைக்க வேண்டும்? போனது எத்தனை, வந்தது எத்தனை என்று பார்த்து, எல்லாம் வந்துவிட்டது என்று தெரிந்த பிறகுதான் தேநீர் தொண்டையில் இறங்கும். அந்தத் தேநீரின் ருசி இப்போது எங்கே போய்க் குடித்தாலும் வரவில்லை.

எண்பதுகளின் நடுவில் ஒரு வருஷம், குடும்பத்தார் வந்து தளத்தைப் பார்க்கும் நாளுக்கு நைனாவை வரவழைத்தேன். அம்மாவுக்கு ரயில் ஒத்துக்கொள்ளாது, வரவில்லை. வெள்ளை வேட்டி, பட்டுக்கரைத் துண்டு. முதலில் டவருக்கு அழைத்துப் போனேன். எல்லோரும் ஜன்னலோரம் நின்றிருந்தார்கள். பழக்கதோஷத்தில் நான், "அதோ, ரெண்டு வருது" என்று கையை நீட்டிவிட்டேன். அங்கே யார் கண்ணுக்கும் எதுவும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் இரண்டு புள்ளி தெரிந்தது. நைனா புள்ளியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். நான் படியிறங்கலாம் என்றேன்.

கீழே ஒரு பயிற்சி விமானத்தை நிறுத்தி, வருகிறவர்களை ஏறி உட்கார்ந்து பார்க்க விட்டிருந்தார்கள். பக்கத்தில் நின்று விளக்கம் சொன்ன இளம் பைலட் கோயம்புத்தூர்க்காரன். "வாங்கய்யா, ஏறி உக்காருங்க" என்று அவன் கை கொடுத்தபோது நான் தடுத்திருக்கலாம். என்ன சொல்லித் தடுப்பது?

நைனா உள்ளே இறங்கி உட்கார்ந்து காலை நீட்டினார். முகம் மலர்ந்தது. "டேய், நம்ம குழியாட்டமே கீதுடா" என்றார். தடியைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார். கூடவே கால் பெடலை மிதித்தது, பின்னால் வாலின் பலகை பக்கவாட்டில் ஆடியது. சுற்றி நின்ற குழந்தைகள் கைதட்டினார்கள். மறுபடி இழுத்தார், வால் அந்தப் பக்கம் ஆடியது. நாலைந்து தடவை.

அந்தப் பையன் நல்ல மனசோடு சிரித்தான். "அய்யா, கை இழுத்தா கால் சும்மா இருக்கோணுங்க. ரெண்டையும் பிரிக்கத் தெரிஞ்சாத்தான் ஓட்ட முடியுமுங்க. அதுக்குன்னே எங்களுக்கு ஒரு மெஷின் பரீட்சை இருக்குதுங்க. ஆயுசுக்கு ஒருக்காத்தானுங்க."

நைனாவின் கை நின்றது. குனிந்து தன் பாதங்களைப் பார்த்தார். ஒரு தடவை, ரொம்ப மெதுவாக, காலை அசைக்காமல் தடியை இழுக்கப் பார்த்தார். வால் ஆடியது.

"நீயும் போனியா அந்தப் பரீட்சைக்கு?" என்று என்னைக் கேட்டார்.

"போனேன் நைனா."

இறங்கும்போது ஏணியில் அவர் கால் தடுமாறியது, பிடித்துக்கொண்டேன். ரயிலேற்றிவிடப் போனபோது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "எத்தினி வயசுல உன்ன குழியில எறக்கினேன்?" என்றார்.

"பன்னெண்டு."

தலையை ஆட்டினார். "எனக்கு இந்த வேல புடிச்சிருக்குது நைனா. நெஜமா" என்றேன். அது பொய் இல்லை. ஆனால் ஏழு வருஷம் பொய் சொன்ன வாய், அவர் எதை நம்புவார்? வண்டி கிளம்பிவிட்டது.

அடுத்த லீவில் வீட்டுக்குப் போனேன். அம்மா இலை போட்டாள். சோறு, முருங்கைக்காய் சாம்பார், அப்பளம். கீரையைக் காணோம். என்னம்மா என்று கேட்டேன்.

"உங்க நைனாதான் வாணாம்னுட்டாரு. அவன் கண்ணுக்கு ஒரு குறையும் இல்ல, இனிமே செய்யாதன்னாரு. போன வாரம் உங்க மாமா வூட்டுக்கே போயி, இத்தினி வருசம் தப்பா பேசிகினு இருந்தேன் மச்சான்னு சொல்லிட்டு வந்தாராம்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அங்க இன்னாடா ஆச்சு அந்த மனுசனுக்கு?" என்றாள்.

உள்ளே தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றது.

"தெரியலம்மா" என்றேன்.

தறி மறுபடி ஓட ஆரம்பிக்க வெகு நேரம் ஆயிற்று.