சிவப்புப் பொட்டு வைத்த கோப்பை

அப்பாவுக்குப் புற்றுநோயாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டவள் நான். வாய்தவறி வந்த வார்த்தை இல்லை. ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் உட்கார்ந்து, கண்ணை மூடி, மாரியம்மனிடம் கேட்டேன்.

அப்பா புளத்கொகுபிட்டியப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். ஐப்பசி மழையில் இருமல் பிடித்தது. பிறகு நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கியது. படம் எடுத்துப் பார்த்தால் வலது நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தது. வரிசை வீடுகளாக இருந்த எங்கள் லயத்துக்கு அது போதும். இருமலும் நெஞ்சில் தண்ணியும் சேர்ந்தால் டிபிதான், அதற்கு டாக்டர் எதற்கு?

எனக்கு அப்போது கல்யாணம் பேசியிருந்தது. மாப்பிள்ளை அத்தை மகன். அத்தை என்றால் அப்பாவின் கூடப்பிறந்த தங்கை. சேதி கேட்டு வந்தவள் வாசலோடு நின்றாள், சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. டிபின்னா குடும்பத்தோட ஒட்டிக்கும்ங்கிறாங்க. நான் வேற எடம் பாத்துக்கிறேன். வேற எதுவும் நோவு வருத்தம்னா பரவால்ல."

அதாவது, ஒட்டாத நோயில் அண்ணன் செத்தால் சம்பந்தம் கெடாது. அவளைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? அன்று பின்னேரமே அப்பாவின் தட்டையும் கோப்பையையும் பிரித்து வைத்தவள் நான்தான். மாறிப்போகக் கூடாதே என்று என் நகப்பூச்சால் கோப்பையின் பிடியில் ஒரு சிவப்புப் பொட்டும் வைத்தேன். அப்பா பார்த்தார். அதிலேயே குடித்தார்.

பெரிய ஆஸ்பத்திரியில் முதுகில் ஊசி குத்தி நீரை எடுத்தார்கள். பால் விடாத தேயிலைச் சாயத்தண்ணி ஆறிப்போன நிறத்தில் இருந்தது. டாக்டர் என் வயதுச் சிங்களப் பெண். மாவனல்லைத் துணிக்கடையில் வேலை செய்து நான் பழகிய அரைகுறைச் சிங்களத்துக்கு ஏற்றபடி, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். நீர் டிபியாலும் சேரும், புற்றாலும் சேரும். நிறத்தைப் பார்த்துப் பிரிக்க முடியாது. இரத்தத்தில் ஒரு சோதனை செய்வோம். புற்று இருந்தால் பலருக்கு இரத்தத்தில் ஒரு பொருள் எக்கச்சக்கமாகக் கூடும். ஆனால் அதை மட்டும் நம்பி முடிவு சொல்ல மாட்டோம், எடுத்த நீரிலும் தேடிப் பார்ப்போம். கடைசியாக என் கையைத் தொட்டாள்.

"டிபி நங் ஹொந்தய், நங்கி."

டிபி என்றால் நல்லது, தங்கச்சி. ஆறு மாதம் குளிசை போட்டால் சுகமாகிவிடும் என்றாள். மருந்து தொடங்கிக் கொஞ்ச நாளில் மற்றவர்களுக்குத் தொற்றவும் செய்யாதாம். அப்பா பக்கத்தில் சக்கர நாற்காலியில் கண்ணை மூடிக் கிடந்தார். தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் அம்மா கேட்டபோது, "சோதிக்கக் குடுத்திருக்காங்க" என்பதோடு நிறுத்திவிட்டேன். ஆறு மாதக் குளிசையைச் சொல்லியிருந்தால், டிபியாகவே இருக்கட்டும் என்று அவள் விளக்கேற்றியிருப்பாள். எனக்கு அது வேண்டாம். எனக்கு இருபத்தொன்பது வயது, ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப் போயிருந்தது. இதை நியாயமாகச் சொல்லவில்லை, இருந்த நிலைமையைச் சொல்கிறேன்.

இரண்டு கிழமை கழித்து முடிவு வந்தது. இரத்தத்தில் அந்தப் பொருள் பல மடங்கு கூடியிருந்தது. நீரிலும் புற்று அணுக்கள் இருந்தன. டாக்டர் கண் கலங்கச் சொன்னாள். எனக்கோ வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. நான் கேட்டதால் வந்த நோய் இல்லை என்று எனக்குத் தெரியும். கேட்டேனே என்பதும் தெரியும்.

மறுநாளே அத்தை வந்தாள், இந்த முறை உள்ளே. அப்பாவின் கட்டிலில் உட்கார்ந்து, அவர் காலைப் பிடித்துக்கொண்டு, லயமே கேட்க அழுதாள். அழுது முடித்துச் சோறு தின்றாள். போகும்போது, தையில் கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம் என்றாள்.

அவள் போனதும் அம்மா சாயத்தண்ணி ஊற்றினாள். இனிப் பிரித்து வைக்க வேண்டாம் என்று எல்லோருடைய கோப்பைகளில் ஒன்றையே எடுத்தாள். நான் கொண்டுபோய் நீட்டினேன். அப்பா வாங்கவில்லை.

"பொட்டு வச்சது எங்க?"

"இனிமே அது வேணாம்ப்பா."

"அதையே கொண்டா. பழகிருச்சு."

மாற்றி ஊற்றிக் கொண்டுவந்தேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். முப்பது வருடம் சிங்களக் கங்காணிகளிடம் வேலை செய்த மனிதர், என்னைவிட நன்றாகச் சிங்களம் பேசுவார். அது எனக்குத் தெரியாததா? அன்று சக்கர நாற்காலியில் அவர் தூங்கியிருக்கவில்லை. என் முகத்தைப் பார்த்து, அந்த டாக்டர் சொன்னதைப் போலவே, மெதுவாகச் சொன்னார்.

"டிபி நங் ஹொந்தய், நங்கி."

"என்னாவாம்?" அடுப்படியிலிருந்து அம்மா கேட்டாள்.

"சீனி பத்தலையாம்" என்றேன்.

அம்மா வந்து ஒரு கரண்டி சீனி போட்டுக் கலக்கிவிட்டுப் போனாள். என்னைப் பார்த்தபடியே அப்பா அதைக் குடித்து முடித்தார்.