இறக்கத்தில் எரிந்த சிவப்பு விளக்கு

இது நான் யாரோ சொல்லிக் கேட்டது இல்லை. அன்று ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவனே நான்தான். 1986, ஆகஸ்ட் மாதம், பம்பாய் தாராவி. "எல்லாம் பிரமை" என்று சொல்ல வருகிறவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். நான் பேயை நம்புகிற ஆள் இல்லை. கரண்ட்டை நம்புகிற ஆள். தொண்ணூறடி ரோட்டில் கார் வயரிங் கடை வைத்திருந்தேன். ஒரு விளக்கு எரிந்தால் அதற்கு எங்கிருந்தோ கரண்ட் வருகிறது. பொறுமையாகத் தேடினால் வருகிற வழி கிடைத்துவிடும். இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

அந்த ஒரு வண்டியைத் தவிர.

வண்டி மெஹராஜுடையது. கறுப்பு மஞ்சள் ஃபியட் டாக்சி. அவள் கணவன் ஜெயினுலாப்தீன் மஞ்சள்காமாலையில் மவுத்தாகிப் போனான். கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்க வேண்டிய இத்தா நாட்கள் முடிந்து அவள் வெளியே வந்தபோது வண்டி ஓட்ட ஆள் இல்லை. வேலைக்கு வந்த டிரைவர்கள் ஒவ்வொருவராகச் சாவியைத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். எல்லோரும் ஒரே காரணத்தைச் சொன்னார்கள். ஆயில் லைட் தானாக எரிகிறது. ஜெயினு இன்னும் வண்டியை விடவில்லை.

மான்குர்த்தில் இருந்த அவள் கொழுந்தன் முகைதீன் வண்டியை விற்கச் சொல்லி நெருக்கிக்கொண்டிருந்தான். மறுநாள் காலையில் வாங்குகிற ஆளோடு வருவதாகச் சொல்லியிருந்தான்.

"இன்னைக்குள்ள அந்த லைட்டு சரியாவணும் அண்ணாச்சி" என்றாள் மெஹராஜ். "சரியாவலன்னா வித்துருதேன்னு கொளுந்தன்ட்ட வாக்கு குடுத்துட்டேன். வித்தா அந்தத் துட்டு அவரு பைக்குள்ள போயிரும். நான் பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு மேலப்பாளையத்துக்கு ரயிலேறணும்."

"வண்டிய நினைச்சா ஒனக்குப் பயமா இல்லயாம்மா?"

"எனக்கு முகைதீன நினைச்சாதான் பயம்."

இந்த விளக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பயப்பட வேண்டிய இடம் எது என்று அப்போதுதான் உங்களுக்குத் தெரியும். சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டில் அது சிவப்பாக எரியும். என்ஜின் ஸ்டார்ட் ஆனதும் அணையும். என்ஜினின் பக்கவாட்டில் பெருவிரல் அளவுக்கு ஒரு சுவிட்ச் உண்டு. என்ஜின் ஓடும்போது பம்ப் ஆயிலை அழுத்தித் தள்ளுகிறது. அந்த அழுத்தம் சுவிட்சைத் திறந்தே வைத்திருக்கும். கரண்ட் போக வழியில்லாமல் விளக்கு அணைந்து கிடக்கும். என்ஜின் நின்றால் அழுத்தம் போய்விடும், சுவிட்ச் மூடிக்கொள்ளும், விளக்கு எரியும். அவ்வளவுதான். ஓடும்போது எரிந்தால் ஆயில் குறைவு, அல்லது பம்ப் கோளாறு, அல்லது சுவிட்ச் கெட்டது, அல்லது வயர் எங்கோ பாடியில் உரசுகிறது. ஐந்தாவது காரணம் கிடையாது.

நான்கையும் பார்த்தேன். ஆயில் குறி வரை இருந்தது. சுவிட்சைக் கழற்றி அந்த ஓட்டையில் அழுத்தம் பார்க்கும் மீட்டரைப் பொருத்தினேன். பம்ப் நன்றாகத் தள்ளியது. புது சுவிட்ச் போட்டேன். பழைய வயரை விட்டுவிட்டுப் புது வயர் இழுத்தேன். கடைசியில், பிடிவாதத்துக்கு, அந்தப் புது வயரையும் சுவிட்சிலிருந்து பிடுங்கி, முனையில் டேப் சுற்றித் தொங்கவிட்டேன். இனி சாவியைத் திருப்பினால்கூட விளக்கு எரியாது. எரிய வழியே இல்லை.

"ஏறும்மா. ஒரு ரவுண்டு போயிட்டு வருவோம். நீயே பாத்துக்கோ."

அவள் பின்சீட்டில் ஏறினாள். நல்ல மழை. மாலை ஏழு மணிக்கே இருட்டியிருந்தது.

ஏழு பத்து. சயான் ரயில் பாலத்தில் ஏறினோம். ஒன்றுமில்லை. உச்சி தாண்டியது. இறக்கம் தொடங்கியது...

விளக்கு எரிந்தது.

என்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதன் அதிர்வு என் காலில் தெரிந்தது. பாலம் முடிந்ததும் விளக்கு அணைந்தது. ஓரமாக நிறுத்தி, மழையில் பானெட்டைத் திறந்து டார்ச் அடித்தேன். நான் சுற்றிய டேப் சுற்றியபடியே இருந்தது. வயர் எதையும் தொடவில்லை.

"டேஷ்போர்டுக்குள்ள எங்கயோ உரசுது" என்றேன். "இறக்கத்துல வண்டி முன்னால சாயுதுல்லா? அதுல வயரு நகருது."

"இத எனக்குச் சொல்லுதியளா, ஒங்களுக்கே சொல்லிக்கிடுதியளா?"



கிங்ஸ் சர்க்கிள் சிக்னலில் நின்றோம். சமதரை. சாய்வே கிடையாது. ஆனாலும் எரிந்தது. சிக்னல் பச்சையாவதற்கு ஒரு நொடி முன்னால்... அணைந்தது. அடுத்த சிக்னலிலும் அப்படியே. நின்றதும் எரிந்தது. பச்சை விழும் முன்பே அணைந்தது.

அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது.

பம்பாய் டாக்சிக்காரர்களில் பலருக்கு ஒரு பழக்கம் உண்டு. பெட்ரோலை மிச்சம் பிடிக்க, இறக்கத்தில் என்ஜினை அணைத்துவிட்டு வண்டியைச் சும்மா உருள விடுவார்கள். சிக்னலில் அணைப்பார்கள். குறுக்குத் தெரு சிக்னல் மஞ்சளாவதைப் பார்த்து, நமக்குப் பச்சை விழும் முன்பே ஸ்டார்ட் செய்வார்கள். அணைத்ததும், உடனே ஸ்டார்ட் செய்ய வசதியாகச் சாவியை மறுபடி ஆனில் வைப்பார்கள்; அப்போது இந்த விளக்கு எரியும். ஸ்டார்ட் செய்தால் அணையும்.

இந்த விளக்கு நான் ஓட்டுகிற என்ஜினைக் காட்டவில்லை. வேறு யாரோ ஓட்டுகிற என்ஜினைக் காட்டியது.

இதே வண்டியில். இதே நேரத்தில்.

மெஹராஜிடம் சொன்னேன்.

"அப்ப அவுகதான்" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. வண்டியைத் திருப்பி நிறுத்தி, டேஷ்போர்டுக்கு அடியில் கைவிட்டு, பல்பையே பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். "இப்ப எரி, பாப்போம்" என்று சத்தமாகவே சொன்னேன்.

ஏழு ஐம்பது. மறுபடியும் சயான் பாலம். உச்சி. மறுபக்க இறக்கம்...

விளக்கு இருந்த இடம் இருட்டாக இருந்தது.

சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

'டிக்.'

சாவி தானாகத் திரும்பியது.

என்ஜின் நின்றது. வைப்பர் கண்ணாடியின் பாதியில் நின்றது. மழை கண்ணாடியை மூடியது. எதிரே ஒரு லாரியின் ஹாரன். டயருக்கு அடியில் தண்ணீர்... ஸ்ஸ்ஸ்... வண்டி உருண்டுகொண்டே இருந்தது.

சாவியைப் பிடித்துத் திருப்பினேன். திரும்பவில்லை.

துருப்பிடித்த சாவி எப்படி இறுகும் என்று எனக்குத் தெரியும். இது அப்படி இல்லை.

இது... எதிர்த்துப் பிடித்தது.

பின்சீட்டிலிருந்து மெஹராஜின் குரல் வந்தது. நடுக்கம் இல்லை.

"இங்க பாருங்க. போதும். இருந்த காலத்துல வீட்டுல தங்குனியளா? எப்பவும் வண்டி வண்டின்னுதான கெடந்திய. இப்பமும் வண்டிதானா? இது இனிமே எனக்குள்ளது. எம்பிள்ளைகளுக்குச் சோறு. விடுங்க சாவிய."

ஹாரன் நெருங்கியது.

"தங்கணும்னா வீட்டுல வந்து தங்குங்க. ரோட்டுல திரியாதீங்க. வாங்க. நான் கூப்பிடுதேன்."

சாவி இளகியது.

என்ஜின் பிடித்தது. வைப்பர் அசைந்தது. லாரி என் கதவை ஒட்டிப் போனது.

அவள் சந்து முனையில் நிறுத்தினேன். ஓர் ஆள் இறங்கினால் வண்டியின் ஸ்பிரிங் லேசாக எழும்பும். மெஹராஜ் இறங்கினாள். பின்பக்கம் எழும்பியது.

பிறகு, என் இடதுபக்கம்... முன்சீட்டு... இன்னொரு முறை எழும்பியது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

காலையில் பல்பை மாட்டி, வயரைச் சேர்த்தேன். சாவி போட்டால் எரிந்தது, ஸ்டார்ட் செய்தால் அணைந்தது. பாலத்தில் பலமுறை ஓட்டிப் பார்த்தேன். விளக்கு ஒழுங்காக இருந்தது. முகைதீன் கூட்டி வந்த ஆளை மெஹராஜ் வாசலிலேயே திருப்பி அனுப்பினாள். புது டிரைவர் சேர்ந்தான். டாக்சி ஓடியது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள்.

இத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்கவே மாட்டேன்.

அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால் நாகூர் கனி ஊரிலிருந்து திரும்பி வந்தான். ஜெயினு பகலில் ஓட்டிய காலத்தில் அதே வண்டியை ராத்திரி ஷிப்ட் ஓட்டியவன். கடைக்கு வந்தவனிடம் நடந்ததைச் சொன்னேன். முதலில் சிரித்தான்.

"யாரு, ஜெயினு என்ஜின ஆஃப் பண்ணுவானா? நல்ல கதையா இருக்கே! டீ குடிக்க எறங்கினாக்கூட ஓட விட்டுட்டுல்லா எறங்குவான். அணைச்சா மறுபடி ஸ்டார்ட் ஆவாதுன்னு பயந்து சாவான். பெட்ரோலு போவுதே, பெட்ரோலு போவுதேன்னு நான்தான் தலையில அடிச்சுக்கிடுவேன்."

"அப்போ அந்த லைட்டு?"

அவன் சிரிப்பு நின்றது.

"அது செகண்ட் ஹேண்ட் வண்டி அண்ணாச்சி. வாங்குன நாள்லேர்ந்தே அந்த லைட்டு அப்படித்தான் எரியும். மேல கறுப்பு டேப்பு ஒட்டி மறைச்சு வச்சிருந்தான், அவனுக்கப்புறம் யாரோ பிச்சிருக்காங்க. 'நான் பாக்காத வரைக்கும் முந்தி ஓட்டுனவன் அவன் பாட்டுக்கு ஓட்டட்டும்'பான்."

அன்று சாயங்காலமே மெஹராஜின் கோலிக்கு, அந்த ஒற்றை அறை வீட்டுக்கு, போனேன். வாசலில் உட்கார்ந்து அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். எப்படிச் சொல்வது என்று தெரியாமல், ஒருவழியாகச் சொல்லி முடித்தேன்.

அவள் தலை நிமிரவில்லை.

"தெரியும் அண்ணாச்சி. வந்த அன்னைக்கே தெரியும். அவுக வீட்டுக்குள்ள நொழஞ்சா நேரா பாயிலதான் விழுவாக. இது ஒக்காரவே மாட்டேங்கு. அந்தக் கதவுக்குப் பின்னாலயே நிக்கி."

பார்த்தேன். கதவு உள்பக்கமாகத் திறந்திருந்தது. ஆனால் சுவரோடு ஒட்டவில்லை. ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டு நின்றது.

"பள்ளிவாசல்ல சொல்லி ஓதிப் பாக்கலாமேம்மா" என்றேன். கரண்ட்டை மட்டும் நம்புகிற நான்.

"ஓதி வெரட்டினா எங்க போவும்? திரும்ப வண்டிக்குல்லா போவும்?" ஒரு கல்லை எடுத்துச் சந்தில் எறிந்தாள். "நிக்கட்டும். பத்துக்குப் பத்து கோலியில ஆறு பேரு படுக்கோம். அது நின்னுக்கிட்டுதான இருக்கு... எடத்தையா அடைக்கி?"