கீரமங்கலம் மில்லுக்குச் சுவர் கழுவப் போனது

கடைகள், ரைஸ் மில்கள், சினிமாக் கொட்டகைகள், இவற்றின் வெளிச்சுவரைக் கழுவிக் கொடுப்பதுதான் எங்கள் தொழில். எங்கள் என்றால் நானும் என் தம்பியும். யுத்தம் முடிந்தபின் திருச்சியில் ஏலத்துக்கு வந்த கைப்பம்பு ஒன்றை வாங்கியிருந்தோம். தீயணைக்க வைத்திருந்தது என்று சொன்னார்கள். ஒருவர் நெம்புகோலை அழுத்தி அடிக்க, இன்னொருவர் கித்தான் குழாயின் பித்தளை முனையைப் பிடித்துச் சுவரில் பீய்ச்ச வேண்டும். விடாமல் அடித்தால் இரண்டு ஆள் உயரத்துக்குத் தண்ணீர் அறைந்துகொண்டு போகும். பாசி, கரி, பழைய சுண்ணாம்புப் பொருக்கு எல்லாம் கழன்று விழும். மறுநாள் வெள்ளையடிக்கிறவர்கள் வருவார்கள். சுவர் பளிச்சென்று ஆனதும் எல்லாரும் அவர்களைத்தான் பாராட்டுவார்கள். அதில் எங்களுக்கு வருத்தம் இருந்ததில்லை.

அந்த வருஷம் ஆவணியில் என் ஒரே மகள் இறந்துபோனாள். ஐந்து முடிந்து ஆறு நடந்துகொண்டிருந்தது. மூன்று நாள் காய்ச்சல். நாலாம் நாள் இல்லை. நான் அழவில்லை. வேண்டுமென்று அடக்கவும் இல்லை, வரவில்லை. பதினாறாம் நாள் கழிந்ததும் கீழ வீதியில் ஒரு பாத்திரக் கடையின் முகப்பைக் கழுவப் போனேன். கை தன்பாட்டுக்கு வேலை செய்தது.

ஐப்பசியில் தம்பி திருச்சியில் நிரந்தர வேலை கிடைத்துப் போய்விட்டான். பம்பு அடிக்க ஆள் தேட வேண்டும் என்று வீட்டில் சொன்னேன். என் மனைவி அடுப்பைப் பார்த்தபடியே, "நான் வாரேன்" என்றாள்.

"நீ எப்படி? நாளெல்லாம் நிக்கணும். நாலு பேரு பாக்குற எடம்."

"பாக்கட்டும். வீட்ல இருக்க முடியலங்க."

மறுநாள் அவளுக்குப் பம்பு அடிக்கக் காட்டிக் கொடுத்தேன்.

மார்கழியில் கீரமங்கலத்து ரைஸ் மில் ஒன்றிலிருந்து ஆள் வந்தது. தை அறுவடை வருமுன் மில்லுக்கு வெள்ளையடிப்பார்கள். பம்பைப் பஸ் மேலே ஏற்றிக்கொண்டு போய் மில்லிலேயே வைத்துவிட்டு, தினமும் புதுக்கோட்டையிலிருந்து போய் வந்தோம். மூன்று நாள் வேலை. மழையில் வடக்குச் சுவர் முழுக்கப் பச்சையாகப் பாசி ஏறியிருந்தது. பாய்லர் பக்கம் கரி. மற்ற இடமெல்லாம் தவிட்டுத் தூசி ஒட்டிக் காய்ந்து தோல் மாதிரி கிடந்தது. கணக்குப்பிள்ளை வயதானவர், நல்ல மனிதர். அவருக்கு ஒரே கவலைதான். "பேரு எழுதின எடத்துல மட்டும் தண்ணி படாமப் பாத்துக்கங்க. பெயிண்டர் அறந்தாங்கியிலேருந்து வரணும்."

முதல் நாள் நான் ஏணியில் நின்றுகொண்டிருந்தேன். கீழே தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் அவள் பம்பு அடித்தாள். கணக்குப்பிள்ளை குடையை ஊன்றிக்கொண்டு வந்து நின்றார்.

"ஏம்மா, பிள்ளைங்க எத்தனை?"

"ஒண்ணுங்க. பொம்பளப் பிள்ளை."

"யாருகிட்ட விட்டுட்டு வந்த?"

"பள்ளிக்கூடம் போகுதுங்க. இந்த வருசந்தான் போட்டோம்."

எனக்கு நன்றாகக் கேட்டது. தண்ணீர் குறையவில்லை, அதே வேகத்தில் வந்துகொண்டிருந்தது. நானும் முனையைத் திருப்பாமல் பீய்ச்சிக்கொண்டே இருந்தேன். ஒரே இடத்தில் நின்றுவிட்டதால் அங்கே காரை பெயர்ந்து செங்கல் தெரிந்தது. பிறகு குழாயை நகர்த்தினேன்.

களத்தில் நெல் காயவைக்கும் பெண்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். அவர்களில் ஐம்பது வயதுக்காரி ஒருத்தி என் மனைவியைச் சோறு தின்னக் கூப்பிட்டுக்கொண்டாள். கணக்குப்பிள்ளையிடம் சொன்னது அவள் காதிலும் விழுந்திருந்தது. இரண்டாம் நாள் சாயங்காலம் நாங்கள் கிளம்பும்போது அந்த அம்மாள் ஓடி வந்து இலையில் கட்டிய பொரியுருண்டையை நீட்டினாள். "பிள்ளைக்குக் குடு. வாசல்ல பாத்துக்கிட்டே நிக்கும்ல."

என் மனைவி வாங்கிக்கொண்டாள். ஆலங்குடி தாண்டும் வரை மடியிலேயே வைத்திருந்தாள். வீட்டில் மாடத்தில் வைத்தாள். காலையில் நான் அதில் ஒன்றை எடுத்துத் தின்றேன். இனிப்பு தெரிந்தது. அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் மத்தியானம் வாசல் பக்கம் கழுவிக்கொண்டிருந்தோம். அந்த அம்மாள் ஒரு சிவப்புப் பாவாடையோடு வந்தாள். பழசு. ஆனால் துவைத்து மடித்திருந்தது.

"என் பேத்திக்குத் தச்சது. கொஞ்சம் சின்னதாப் போச்சு. ஒன் மகளுக்கு இடுப்பு சரியா இருக்குமான்னு பாரு."

குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. ஏணியிலிருந்து குனிந்து பார்த்தேன். என் மனைவி நெம்புகோலைப் பிடித்தபடி நின்றாள்.

"இல்லக்கா. அவ இல்ல. ஆவணியில போயிட்டா."

அந்த அம்மாளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் மாறியது.

"உசுரோட இல்லாத பிள்ளையவா பள்ளிக்கூடம் போகுதுன்ன? எப்படித்தா வாயி வந்துச்சு ஒனக்கு?"

"யாரும் கேக்க மாட்டேங்கிறாங்கக்கா. சொந்தக்காரங்க யாரும் அவ பேச்சையே எடுக்குறதில்ல. ஒரு ஆளு கேட்டாரு. சொல்லிட்டேன்."

அந்த அம்மாள் பாவாடையைக் கையில் சுருட்டிக்கொண்டு தொட்டி விளிம்பில் உட்கார்ந்தாள். கோபம் போகவில்லை என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "சரி, சொல்லு. எப்படி இருப்பா?" என்றாள்.

என் மனைவி சொன்னாள். எண்ணெய் தேய்க்க உட்கார மாட்டாள் என்றாள். பக்கத்து வீட்டு ஆட்டுக்கு அரிசி திருடிப் போடுவாள் என்றாள். அப்பாவைப் பார்த்து அவரைப் போலவே இடுப்பில் கைவைத்து நிற்பாள் என்றாள். ஆட்டுக்கு அரிசி போட்டது எனக்குத் தெரியாது. ஏணியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். முனையிலிருந்து சொட்டிய தண்ணீர் என் முழங்கைவரை ஓடி வந்தது.

கணக்குப்பிள்ளை ஆபீஸ் ஜன்னலிலிருந்து கேட்டார். "என்னப்பா, தண்ணி நின்னுபோச்சு?"

"பம்புல மண்ணு சிக்கிக்கிச்சுங்க. எடுத்துட்டு இருக்கோம்" என்றேன்.

"சீக்கிரம் ஆகட்டும். நாளைக்கு வெள்ளையடிக்க ஆளு வந்துருவாங்க."

நான் இறங்கிப்போய்ப் பம்புக்குப் பின்னால் உட்கார்ந்து குழாயின் இணைப்பைக் கழற்றினேன். துடைத்தேன். திரும்ப மாட்டினேன். மறுபடி கழற்றினேன். அவர்கள் பேச்சு முடிகிறவரை அதையே செய்துகொண்டிருந்தேன். துக்கம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. கை மட்டும் ஈரத்தில் வெளுத்துச் சுருங்கியிருந்தது.

கடைசியில் அந்த அம்மாள் எழுந்து பாவாடையை உதறினாள். "இது என் சின்னப் பேத்திக்கு ஆகும். ஒண்ணும் நெனைச்சுக்காத" என்று சொல்லிவிட்டுக் களத்துக்குப் போனாள். என் மனைவி முகத்தைத் தொட்டித் தண்ணீரில் கழுவிக்கொண்டு நெம்புகோலைப் பிடித்தாள். இருட்டுமுன் வாசலையும் முடித்தோம். மில் பேர் எழுதிய இடத்தில் தண்ணீர் படவில்லை.

பஸ்ஸில் கூட்டம் இல்லை. பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம்.

"பம்புல நெசமாவே மண்ணு இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"இல்ல."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த மாதம் விராலிமலையில் ரோட்டோரத்து ஜவுளிக்கடை ஒன்றைக் கழுவப் போனோம். குழாயைப் பிரித்துக்கொண்டிருந்தபோது கடைக்காரர் வந்தார். அவர் என்னைத்தான் கேட்டார், பிள்ளைகள் உண்டா என்று.

"ஒண்ணு இருந்துச்சுங்க. தவறிப்போச்சு" என்றேன். அதுவரை யாரிடமும் நான் வாய்விட்டு அதைச் சொன்னதில்லை.

அவர் மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "இங்கிட்டு இருந்து ஆரம்பிங்க, வெயிலு வர்றதுக்குள்ள" என்று கிழக்குச் சுவரைக் காட்டினார். நான் ஏணியைத் தூக்கிக்கொண்டு போனேன். அவள் பம்பு அடிக்க ஆரம்பித்தாள்.