தையலுக்குள் விட்ட துணி

தையல்கடை வைத்திருக்கும் என் அண்ணி, முதுகுவலிக்காக யோகா வகுப்பில் சேர்ந்தார். ஆசனங்களை விட்டுவிட்டு, உண்மையே பேச வேண்டும் என்ற யோக நெறியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அளவு கொடுக்க வந்தவர்களிடம், "போன தடவைக்கு இப்ப நல்லா பெருத்துட்டீங்க" என்று முகத்துக்கு நேரே சொன்னார். பாதிப் பேர் எதிர்க்கடைக்கு ஓடிவிட்டார்கள்.

"உண்மைக்கு முன்னாடி அகிம்சைன்னு ஒண்ணு இருக்கேம்மா!" என்று தலையில் கைவைத்தார் யோகா டீச்சர்.

பொய்யும் சொல்லக்கூடாது, யார் மனமும் நோகக்கூடாது. அன்றிலிருந்து அண்ணி வாயே திறப்பதில்லை. பெருத்தால் பிறகு பிரித்துவிட வசதியாக, ஆளைப் பார்த்து உள்ளே துணி விட்டுத் தைக்கிறார்.

நேற்று என் புதுச் சட்டையைக் கொடுத்தார்.

"அண்ணி, நான் இளைச்சிருக்கேன்ல?"

அவர் சிரித்தார். சட்டையை உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். இன்னொரு சட்டையே தைக்கலாம், அவ்வளவு துணி.