கசினோவில் ஒரு மணி நேரம்

கசினோவுக்குப் போகலாம் என்று கேட்டது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் மொன்ட்ரியாலில் சிவா வீட்டில் தங்கியிருந்தேன். (பெயர்களை மாற்றியிருக்கிறேன்.) யாழ்ப்பாணத்துக்காரர். கனடா போகும் முன் இரண்டு வருடம் சென்னையில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தவர். இப்போது அங்கேயே சென்ட் லோரன்ட் பகுதியில் ஒரு மருந்து கம்பெனியில் வேலை. மனைவி மாலதி, இரண்டு மகள்கள்.

சனிக்கிழமை. மாலதி வேலைக்குப் போயிருந்தார். "சிவா, இங்க தீவுல ஒரு கசினோ இருக்காமே... பார்க்கலாமா?" என்றேன்.

சிவா டீ கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். கழுவிய கோப்பையையே மறுபடியும் கழுவினார்.

"ஓம் அண்ணை. போவம்."

வீட்டுக் கராஜிலேயே காரில் ஏறினோம். வெளியே காலையிலிருந்து பனி கொட்டிக்கொண்டிருந்தது.

வெளிநாட்டுக் கசினோக்களுக்கு எனக்குச் சில விதிகள் உண்டு - இந்தப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறேன். கார்டை அறையில் வைத்துவிட்டுப் போக வேண்டும். தோற்றாலும் தூக்கம் கெடாத அளவுக்கு மட்டும் ரொக்கம். ஒரு மணி நேரம். ஜெயித்துக்கொண்டிருந்தாலும் எழுந்துவிட வேண்டும். வழி நெடுக இதையெல்லாம் சிவாவுக்கு விளக்கினேன்.

"நல்ல சட்டம் அண்ணை." ரோட்டிலிருந்து அவர் கண்ணை எடுக்கவில்லை.

கூரை போட்ட பார்க்கிங்கில் காரை நிறுத்தினார். "நீங்கள் போட்டு வாங்கோ. நான் காருக்குள்ளயே இருக்கிறன்."

"என்னப்பா, வாசல் வரைக்கும் வந்துட்டு?"

"முழங்கால் நோகுது அண்ணை."

"உள்ளே உட்கார்ந்துதானே விளையாடறாங்க!" என் ஜோக்குக்கு நானே சிரித்துவிட்டு இறங்கினேன்.

நாற்பது டாலர். ரூலெட் மேஜையில் அது ஐம்பத்தைந்தாக ஆனது. ஒரு மணி நேரம் முடிந்ததும் எழுந்தேன். எல்லாம் விதிப்படி.

வாசலருகே கோட் போட்ட இரண்டு காவலர்கள் ஒருவரை நடுவில் விட்டு நடந்து வந்தார்கள். கையைக்கூடப் பிடிக்கவில்லை. அவ்வளவு மரியாதை. ஒருவர் பிரெஞ்சில் மெதுவாக ஏதோ சொல்லிக் கதவைத் திறந்துவிட்டார்.

நடுவில் இருந்தவர் சிவா.

காரில் ஏறியும் வண்டியை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"நான்தான் கசினோக்காரருக்கு எழுதிக் குடுத்தனான் அண்ணை. என்னைக் கண்டால் வெளியில அனுப்புங்கோ எண்டு. கையெழுத்து வைச்சு ரெண்டு வருஷம். மாலதியும் பக்கத்தில நிண்டவ. இன்னொருக்கா போனால், பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு டொரன்டோவுக்குத் தங்கச்சி வீட்டை போயிடுவன் எண்டு சொன்னவ."

"காலையிலேயே ஏன்ப்பா சொல்லல?"

"எப்பிடிச் சொல்லுறது? மெட்ராஸில ரெண்டு வருஷம் எங்களிட்ட ஒண்டும் கேக்காத ஆள் நீங்கள். முதல் முதலா ஒண்டு கேக்கிறியள்..." ஸ்டீயரிங்கைப் பார்த்துச் சொன்னார்: "காருக்குள்ளதான் இருந்தனான். நாப்பது நிமிசம்."

நாற்பது நிமிடம்! என் விதிப்படியான ஒரு மணி நேரத்தில் மிச்சம் இருந்தது இருபதே நிமிடம்.

வேலையிலிருந்து வந்துவிட்டிருந்த மாலதி, கராஜிலிருந்து வீட்டுக்குள் போகும் கதவைத் திறந்தார். "எங்கயப்பா போனனீங்கள்?"

"அண்ணைக்கு மலை காட்டினனான்." ஊர் நடுவில் இருக்கும் மலையைச் சொன்னார்.

மாலதி என் பக்கம் திரும்பினார். "மலை எப்பிடி அண்ணை?"

"நல்லா இருந்ததும்மா." முப்பது வருடம் பத்திரிகையில் செய்தி சரிபார்த்தவன் நான். ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

நாங்கள் கழற்றிப் போட்ட ஷூக்களை அவர் குனிந்து நேராக அடுக்கினார். ஒன்றை விரலால் தடவிப் பார்த்தார். அடுத்ததையும்.

"மலையில ஸ்னோ இல்லையோ?"

நான்கு ஷூக்களும் காய்ந்திருந்தன. மாலதி இரண்டாவது தடவை கேட்கவில்லை.

நேற்று முன்தினம் சிவாவிடமிருந்து மெசேஜ். மாலதியும் பிள்ளைகளும் டொரன்டோவில். கடைசி வரி: "நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ அண்ணை."

என் விதிகளில் தப்பில்லை. ஒன்று விட்டுப்போயிருக்கிறது, அவ்வளவுதான். சேர்த்துக்கொள்ளுங்கள்...

கசினோவுக்குத் தனியாக, பஸ்ஸில் போங்கள்.