மஞ்சள் போன இடம்

எங்கள் அத்தைக்குத் தண்ணீரின் நிறத்தை மாற்றுகிற வேலை என்றுதான் பள்ளிக்கூடத்தில் நான் பீற்றிக்கொண்டிருந்தேன். அப்பாவின் தங்கை அவள். கல்யாணம் ஆகாமல் எங்களோடுதான் இருந்தாள். செங்கல்பட்டுப் பக்கம், இரும்புச் சாமான்களுக்குக் குரோமியம் முலாம் பூசும் கம்பெனி ஒன்றில் கழிவுநீரைச் சுத்தம் செய்வது அவள் பொறுப்பு.

ஆயுத பூஜைக்குக் குடும்பத்தோடு வரச் சொல்வார்கள். அந்த வருஷம் அப்பாவும் நானும் போனோம். பொரி கடலையைவிட அத்தையின் கண்ணாடிக் குவளைமேல்தான் எனக்குக் கண். முலாம் தொட்டியிலிருந்து வந்த மஞ்சள் தண்ணீரில் ஏதோ வெள்ளைத் தூளைப் போட்டாள், பச்சையாகிவிட்டது. சுண்ணாம்புத் தண்ணீரை ஊற்றினாள். பால் திரிந்த மாதிரி ஆகி, பச்சைச் சேறு மெல்ல அடியில் இறங்கியது. மேலே தெளிந்த தண்ணீர்.

"மஞ்சளு எங்க போச்சு, அத்த?"

"எங்கியும் போவல. அடியில குந்திகினு கீது" என்று குவளையைத் தட்டிக் காட்டினாள்.

நான் நம்பவில்லை. அப்பாவும் நம்பவில்லை போலிருக்கிறது. அவர் பார்வை கொட்டகையில் அடுக்கியிருந்த காய்ந்த சேற்று மூட்டைகள்மேல் இருந்தது. பூஜை நாளாயிற்றே, யாரோ அவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டிலோ கிணற்றை ஒட்டிப் புது அறைக்கு அஸ்திவாரம் எழும்பி, உள்ளே நிரப்ப மண் இல்லாமல் கிடந்தது. அப்பா முதலாளியிடம் கேட்டார். மூட்டைகள் தொலைந்தால் போதும் என்று அவரும் சந்தோஷமாகத் தலையாட்டினார்.

மறுநாள் அத்தைக்கு லீவு. மூட்டைகளோடு டிராக்டர் வாசலுக்கு வந்தபோது அவள் குறுக்கே போய் நின்றாள்.

"எறக்காதண்ணா. தண்ணில இருந்து எடுத்த வெசம் மொத்தமும் இதுல தான் கீது. மழ பேஞ்சா நேரா கெணத்துக்குப் போவும்."

"பொட்டு வச்சிக் கும்புட்ட மண்ணு. அவன் சும்மா குடுக்குறான், உனக்கு இன்னா நோவுது?"

"அப்ப என்னிய வூட்ட வுட்டு அனுப்பிட்டு எறக்கு."

தெருவே வேடிக்கை பார்த்தது. அப்பா முகம் செத்துப்போயிற்று. டிராக்டர் வந்த வழியே திரும்பியது. அறையை ஏரி மண் வாங்கி நிரப்பினார்; தங்கையோடு பொங்கல்வரை பேசவில்லை. ஏதாவது சொல்லவேண்டுமென்றால் நான்தான் இருவருக்கும் நடுவே தபால்காரி.

எனக்கும் அத்தைமேல் கோபம்தான். தன் பங்குப் பொரியைக்கூட என் மடியில் கொட்டிவிடுகிறவள், கூடப்பிறந்த அண்ணனுக்கு ஒன்றுக்கும் உதவாத சேற்றைக் கொடுக்க மனசு வராமல் போனாளே என்று இருந்தது.

டிராக்டர் போன அன்று சாயங்காலம் அவள் கிணற்றில் ஒரு வாளி இறைத்து, சொம்பில் மொண்டு முதலில் எனக்குக் கொடுத்தாள். நான் குடித்து முடிக்கும்வரை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒருத்தி தண்ணீர் குடிப்பதில் அப்படிப் பார்க்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.