மன்னிப்புக் கேக்க ஒரு படம்

என் வீட்டுக்காரர் படம் எடுக்கப் போறார்னு தெரிஞ்சதும் எல்லாரும் கேட்டது ஒண்ணுதான். "யாரு, டிரைவிங் ஸ்கூல்காரரா?" அவரேதான். மனுஷனுக்கு மூளை குழம்பிடுச்சுன்னு பாதிப் பேர் நினைச்சாங்க. எனக்கு அதுல சந்தேகமே இல்லை.

ஆனா காரணம் எனக்குத் தெரியும். போன வருஷம் எங்க பொண்ணுக்குக் கார் ஓட்டக் கத்துக்கொடுக்கிறேன்னு கூட்டிட்டுப் போனார். ஊரான் வீட்டுப் பிள்ளைங்ககிட்ட "அருமை, அருமை"ன்னு தேனா ஒழுகுற வாய், பெத்த பொண்ணுகிட்ட மட்டும் அவுத்து விட்ட காளை மாதிரி ஆயிடுச்சு. நடு ரோட்ல, நாலு பேர் பாக்க, "உனக்கெல்லாம் எவன் மூளை வெச்சான்?"னு கத்தியிருக்கார். அவ கதவைத் திறந்து இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்துட்டா. அன்னையிலேருந்து அப்பாகிட்ட ஒரு வார்த்தை கிடையாது. வேற இடத்துல கத்துக்கிட்டு லைசென்ஸும் வாங்கிட்டா. சாப்பிட வரச் சொல்லணும்னாலும் நடுவுல நான்தான் அல்லாடணும்.

"தப்புதாம்மான்னு சொல்லித் தொலைங்களேன்"னேன். தொண்டை வரைக்கும் வருது, வெளியே வரமாட்டேங்குதுன்னார். அப்புறம் உக்காந்து ஒரு கதை எழுதினார். மகள்கிட்ட மன்னிப்புக் கேக்குற அப்பாவோட கதை. தனக்கு வாய் வரலைன்னு, அதைச் சொல்றதுக்கு ஒரு நடிகரைப் பிடிச்சுட்டு வந்தார்! இந்தக் கூத்தை நான் எங்க போய்ச் சொல்ல?

வந்தவர் நாடக மேடையில மைக் இல்லாம பேசிப் பழகினவர். நாங்க வெச்ச பேரு இடி. எங்க வீட்டுக் கூடத்துலதான் ஷூட்டிங். கேமரா என் தம்பி, மகளா நடிக்க வெளியிலேருந்து ஒரு பொண்ணு. மேஜையில உக்காந்து மெதுவா, "என்னை மன்னிச்சிடும்மா"ன்னு சொல்லணும், அவ்வளவுதான். இடி எந்திரிச்சு, மார்ல அடிச்சுக்கிட்டு ஒரு முழக்கம் போட்டார் பாருங்க, மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து யாருக்கு என்னாச்சுன்னு விசாரிச்சார்.

சத்தம் ஜாஸ்திங்கன்னு இவர் சொல்லலாம்ல? மாட்டார். வண்டி கத்துக்க வர்றவங்களை மிரட்டினா சுவத்துல கொண்டு போய் விட்டுடுவாங்க, அந்தப் பழக்கம். "பிரமாதங்க! அப்படியே இன்னொரு தடவை, கொஞ்சம் ஆக்சிலேட்டரைக் குறைச்சு"ன்னார். இடி காதுல பிரமாதம் மட்டும்தான் விழுந்துச்சு. அடுத்த தடவை மேஜை மேலேயே ஏறிட்டார்.

அன்னைக்குச் சாயங்காலம் இடி வெளிநாட்டுக்குப் புறப்படணும். இந்தக் காட்சி இல்லைன்னா படமே இல்லை. இவர் முகம் செத்துப்போச்சு. திடீர்னு, "கார்ல எடுக்கலாம், ஸ்டியரிங் பிடிச்சவர் மார்ல அடிச்சுக்க முடியாதே"ன்னார். இடியும் கெத்தா ஏறி உக்காந்தார். அவர் ஸ்டியரிங்கைப் பிடிச்ச லட்சணத்தைப் பாத்ததும், மகளா நடிச்ச பொண்ணு இறங்கிடுச்சு. "எனக்கு அடுத்த மாசம் கல்யாணம் சார்."

அது பழக்குற வண்டி. பக்கத்து சீட்லயும் ஒரு பிரேக் உண்டு. அதை மிதிக்கத் தெரிஞ்ச ஆள் வேணும். இவரே போய் உக்காந்தார். "அத்தான், மகளுக்கு வழுக்கை தெரியுது"ன்னான் என் தம்பி. வேற வழியில்லாம நான் எங்க பொண்ணைக் கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டிட்டு வந்தேன். அவ அப்பா பக்கம் திரும்பாமலே ஏறினா. பின் சீட்டுல இவர், கேமராவோட தம்பி, நடுவுல நான்.

காலி மைதானத்துல வண்டி ஒரு குலுக்கு குலுக்கிட்டு நகர்ந்துச்சு. இடி கப்சிப். வேர்த்துக் கொட்டுது. "வசனம்... வசனத்தை எடுத்துக் கொடுங்க"ன்னு முனகினார்.

இவர் பின்னாடியிருந்து, "என்னை மன்னிச்சிடும்மா"ன்னார்.

"கேக்கலை!"ன்னார் இடி.

"என்னை மன்னிச்சிடும்மா. நாலு பேர் முன்னாடி உன்னை அப்படிப் பேசியிருக்கக் கூடாது. அன்னைக்கு முழுக்க எனக்குச் சோறு இறங்கலை."

அது கதையில இல்லை. நான் படிச்சிருக்கேன், எங்கேயும் இல்லை. வண்டி டக்குனு நின்னுச்சு. என் பொண்ணுதான் மிதிச்சிருக்கா. திரும்பி அப்பாவை நேருக்கு நேரா பாத்தா. ஒரு வருஷமாச்சு அவ அப்படிப் பாத்து.

"இதுக்கு எதுக்குப்பா கேமரா?"ன்னா.

"ஐயோ அக்கா, அவரை மறைக்கிறா! ஷாட் போச்சு!"ன்னு தம்பி அலறினான். "போகட்டும்டா"ன்னு நான் அழுதுட்டேன். "அப்ப என் காட்சி?"ன்னு இடி கேட்டார், பாவம்.

என் பொண்ணு இடியைப் பின்னாடி அனுப்பிட்டு ஸ்டியரிங் முன்னாடி உக்காந்தா. "முன்னாடி வாங்கப்பா. அவரை ஏர்போர்ட்ல நான் கொண்டு போய் விடுறேன்."

இவர் போய் உக்காந்தார். செருப்பைக் கழட்டி, ரெண்டு காலையும் தூக்கி சீட்டு மேல சம்மணம் போட்டுக்கிட்டார். போய்ச் சேர்ற வரைக்கும் அந்த பிரேக் பக்கம் இறக்கலை.